இருபது நிமிட நிறுத்தம்

இனாரிக்கு வடக்கே, ஏழு தபால்பெட்டிகள்
கழுத்தளவு பனியில் புதைந்து நிற்கும் முக்கில்
இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பஸ்ஸை நிறுத்துகிறேன்.
இருபது நிமிடம். அட்டவணை அப்படி.
மதியம் இரண்டு மணிதான்;
அதற்குள் வானம் கடையைக் கட்டிவிட்டது.

என் பெயர் தைமி. ஓட்டுநர் நான், நூலகரும் நான்,
டயருக்குச் சங்கிலி மாட்டுவதும் நான்.

ரவ்னா வருவாள், ஒன்பது வயது,
மூக்கு நுனி தவிர மீதியெல்லாம் கம்பளி.
கூடவே தம்பி ஆந்தே. அவனுக்குப் புத்தகம் என்பது
ஹீட்டர் பக்கத்தில் உட்கார ஒரு சாக்கு.
அவளுக்கு வேண்டியது ஹாக்கி காமிக்ஸ்,
அப்புறம் குசு விடும் பூதத்தின் கதை,
அதை மூன்று முறை எடுத்தாயிற்று.
எடுக்கட்டும்.
படித்துக்கொண்டே இறங்கி, சிரித்துச் சிரித்து
அவள் படியில் வழுக்கி விழுந்த அன்று
எனக்குச் சம்பளம் கூடியது போலிருந்தது.

பள்ளியில் பத்துப் பக்கத்துக்கு ஒரு நட்சத்திரம் ஒட்டுகிறார்கள்.
கரும்பு தின்னக் கூலி.
நட்சத்திரம் தீர்ந்துபோன மாதம்
பாதிப் பிள்ளைகள் பஸ் ஏறவில்லை.

ஜனவரியில் பூதத்தின் நான்காம் பாகம்
மேல் தட்டில் இருந்தது. எட்டவில்லை.
கீழ்த் தட்டிலிருந்து
எவரும் தொடாத தடித்த ஒன்றை உருவித்
தரையில் போட்டு, பூட்ஸோடு ஏறி நின்றாள்.
கத்த வாய் திறந்தேன்.
அதற்குள் இறங்கி, அட்டையில் பதிந்த தன் தடத்தைக்
கையுறையால் துடைத்தாள்.
"இது என்னைத் தாங்குதே! உள்ளே என்ன இருக்கு?"

அறுபதாம் பக்கத்தில் நான் கைவிட்ட புத்தகம் அது.
ஒரு தீவு, ஒரு வழக்கு, ஒரே பெயரில் மூன்று பேர்,
மூச்சு வாங்க இடம் தராத வாக்கியங்கள்.
"கஷ்டமானது" என்றேன்.
பெரியவளான பிறகு என்று சொல்ல வந்ததை
எப்படியோ விழுங்கிவிட்டேன்.
இரண்டிலும் முத்திரை குத்தினேன்.

இரண்டு வாரம் கழித்து,
"பூதம் ஒரே ராத்திரியில முடிஞ்சிடுச்சு.
இது பன்னிரண்டாம் பக்கம். பிடிக்கவே இல்லை."
கை நீட்டினேன், வாங்கிக்கொள்ள,
கொஞ்சம் நிம்மதியோடு; அதை மறைப்பானேன்.
அவள் புத்தகத்தை மார்போடு அணைத்துப் பின்வாங்கினாள்.
"தர்றேன்னு யார் சொன்னா?
தேதியை மாத்திப் போடுங்க."

பிப்ரவரியில் இருபத்தாறு.
"அந்தப் பொம்பளை ஏன் பொய் சொல்றா?"
மார்ச்சில் முப்பத்தொன்று, அங்கிருந்து மறுபடி இருபது:
"புரியலை. திரும்பிப் போனேன்."
ஒருநாள் கோபத்தில் சுவரில் அடித்தாளாம்,
முதுகு பிளந்து வந்தது.
பசை தடவி, கட்டி வைத்தேன். அபராதம் எழுதவில்லை.
காமிக்ஸும் எடுத்துக்கொண்டுதான் போனாள், எப்போதும் போல.

ஏப்ரல். இரவில் பனி உறைந்து காலையில் கண்ணாடியானது.
அப்பா மந்தையை ஓட்டிப் போயிருக்கிறார் என்றாள்.
"இளகின பனியில மான் வயிறு வரைக்கும் அமுங்கும்.
இறுகினதுதான் சுமக்கும்."
பனிமான்களைப் பற்றித்தான் சொன்னாள்.
நான் ஏன் அந்தக் கீழ்த் தட்டின் காலி இடத்தைப் பார்த்தேனோ.
அங்கே இப்போது ஆந்தே உட்கார்ந்திருந்தான்,
பூதம் தலைகீழாக மடியில்.

நேற்று ஐம்பத்தெட்டு என்றாள்.
எனக்கு உடம்பெல்லாம் வியர்த்தது.

இன்றிரவு பஸ்ஸைக் கொட்டகையில் விட்டுவிட்டு
உள்விளக்கை மட்டும் அணைக்கவில்லை.
ரொவானியெமியிலிருந்து வரவழைத்த இன்னொரு பிரதி,
அறுபத்தொன்றாம் பக்கம்.
அந்தப் பொம்பளை இன்னும் பொய் சொல்கிறாள்.
ஏனென்று எனக்கும் தெரியவில்லை.
ஒரு பக்கம் பின்னால் போகிறேன்.
பதின்மூன்று நாள் இருக்கிறது.